கேட்காமல் விட்ட பெலன்

அன்புள்ள மகளே,

கடிதத்தின் தலைப்பில் வழக்கமாக எழுதும் ஸ்தோத்திர வரியை இந்த முறை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அதை எழுத எனக்கு இன்று கை கூசுகிறது. இதை ஆஸ்பத்திரியில் டூட்டிக்கு நடுவில் பிரித்துவிடாதே. விடுதிக்குப் போய், ஏதாவது சாப்பிட்டுவிட்டு, தனியாக இருக்கும்போது படி. போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் மூன்று தரம் உன்னைக் கூப்பிட்டேன். "என்னப்பா, சாப்டீகளா?" என்று நீ கேட்டதும் மூன்று தரமும் கல்யாணப் புடவையைப் பற்றியும் கூடலூரில் பெய்கிற மழையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். பேச்சில் எனக்குத் தப்பித்துக்கொள்ளத் தெரியும். வாழ்நாளெல்லாம் அப்படித்தான் தப்பித்திருக்கிறேன். எழுதினால் தப்பிக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் உன் மாமனார் போடியிலிருந்து வந்திருந்தாரே, அப்போது என்னிடம் ஒன்று கேட்டார். "சம்பந்தி, கல்யாணத்துக்கு முந்தின நாள் ஜெபக்கூட்டத்துல நீங்கதான் சாட்சி சொல்லணும். படுக்கையில கெடந்த மனுசிய ஒம்பது வருசம் கையில வச்சுப் பாத்துருக்கீக. கர்த்தர் உங்களுக்கு எப்படிப் பெலன் குடுத்தாரு, அந்தக் கஷ்டத்துலயும் எப்படி மனரம்மியமா வச்சாருன்னு நீங்க சொன்னா எங்க பக்கத்துச் சனங்களுக்கு ஆசீர்வாதமா இருக்கும்" என்றார். நல்ல மனிதர். இரும்புக் கடையில் உட்கார்ந்திருந்தாலும் எல்லாரையும் எழுந்து நின்று கும்பிடுகிறவர். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். மறுநாள் மாவு மில்லில் கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்ன பேசலாம் என்று எழுதிப் பார்த்தேன். கர்த்தர் பெலன் தந்தார், அவர் கைவிடவில்லை, உன் அம்மா முறுமுறுக்காமல் இருந்தாள் என்று ஒவ்வொரு வரியாக எழுதினேன். தனித்தனியாகப் பார்த்தால் பாதி வரிகள் உண்மைதான். சேர்த்துப் படித்தபோது முழுதும் பொய்யாக இருந்தது. ஏன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ எட்டாம் வகுப்பு படித்த வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்போது நம்மிடம் ஜீப் இருந்தது. விடிந்ததும் கூடலூரில் பெண்களை ஏற்றிக்கொண்டு லோயர்கேம்ப், குமுளி வழியாகச் சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோய் விடுவேன். அவர்கள் ஏலக்காய் எடுத்து முடித்ததும் சாயந்திரம் திரும்ப இறக்கிக்கொண்டு வருவேன். உன் அம்மா எஸ்தரும் அந்தத் தோட்டத்துக்குத்தான் வேலைக்கு வந்தாள். பின்வீட்டு மதினி பேச்சியம்மாளும் வந்தார்கள். உனக்கு அவர்களைச் சொல்லத் தேவையில்லை. அம்மா உன்னைப் பெற்ற கையோடு காய்ச்சலில் கிடந்தபோது உன்னைக் குளிப்பாட்டியது, பொட்டு வைக்கக் கூடாது என்று நான் சொல்லியும் கன்னத்தில் மட்டும் ஒரு மை வைத்துவிட்டு, "உங்க சாமி கோவிச்சுக்கிறாது தம்பி" என்று சிரித்தது, எல்லாம் அவர்கள்தான். மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்களில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு நாளும் வண்டியை நிறுத்தாத டிரைவர். மழையோ மஞ்சோ, என் வண்டி போய்விடும். தோட்டத்துக் கங்காணி அதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஆட்களைக் கொடுத்தார். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கண்ணாடியில் வசனம் ஒட்டியிருந்தேன். வண்டி கிளம்பும்போது சத்தமாக ஜெபம் செய்வேன். ஏறியிருக்கும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் நம் சபைக்காரர்கள் இல்லை. ஆனாலும் எனக்காகக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஆனி மாதம், காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. இரண்டு தரம் மிதித்தால்தான் பிடிக்கும். மெக்கானிக் மீரானிடம் காட்டினேன். அவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அண்ணே, மாஸ்டர் சிலிண்டர் கசியுது. இதோட மலையேறாதீக. ஒரு நாள் வண்டிய இங்கன விட்டுட்டுப் போங்க, நான் சாமானத்தத் தேனியில இருந்து வரவழைக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமை விடுறேன் மீரான். நடுவுல நிறுத்துனா கங்காணி ஆள வேற வண்டிக்கு மாத்திருவாரு."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாளு இருக்குண்ணே. இதுல பொம்பளையாளுக ஏறுறாக."

"கர்த்தர் பாத்துக்கிருவாருப்பா" என்றேன்.

மகளே, நான் சொன்ன அந்த வார்த்தையை இந்தப் பதினோரு வருடத்தில் எத்தனை தரம் திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேனோ. அதைச் சொன்னபோது எனக்கு உண்மையாகவே விசுவாசம் இருப்பதாகத்தான் நினைத்தேன். மீரான் தொழுகைக்குப் போகிறவன், அவனுக்கு முன்னால் என் ஆண்டவரை நம்பிக் காட்டுகிறேன் என்று ஒரு பெருமைகூட இருந்தது. நான் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அவர் தலையில் ஏற்றி வைத்தேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தேன். உன் வாழ்க்கையில் என்றைக்காவது அந்த வார்த்தை உன் வாயில் வந்தால் ஒரு நிமிடம் நின்று, நான் செய்ய வேண்டியது ஏதாவது மீதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இருந்தால் அதைச் செய்துவிட்டு அப்புறம் சொல்.

இரண்டாம் நாள் சாயந்திரம் நடந்தது. குமுளியில் மழை பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் பாதி தூரம் வந்திருப்போம். அம்மா முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம், கதவு ஓரத்தில் பேச்சி மதினி. பின்னால் பெண்கள் பிளாஸ்டிக் படுதாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். வளைவில் மிதித்தேன். பெடல் தரைக்குப் போய்விட்டது. திரும்ப மிதித்தேன். ஒன்றுமில்லை. கியரைக் குறைத்துப் பார்த்தேன். வண்டி கேட்கவில்லை. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். மலையில் கொண்டுபோய் உரசினேன். பாறையில் மோதி வண்டி இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பின்னால் இருந்தவர்களுக்குக் கை கால் முறிவு, காயம். மதினி அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். அம்மாவின் முதுகெலும்பு போய்விட்டது. எனக்கு நெற்றியில் நான்கு தையல். அவ்வளவுதான்.

போலீஸ்காரர் கேட்டபோது "மழை சார், ரோடு வழுக்கிருச்சு" என்றேன். நொறுங்கிக் கிடந்த வண்டியை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மழையும் அன்றைக்கு உண்மையாகவே பெய்திருந்தது. எல்லாரும் அதை நம்பினார்கள். மீரான் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் தேனி ஆஸ்பத்திரிக்கு வந்தான். அம்மாவைப் பார்த்துவிட்டு வராந்தாவில் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். "நான் யாருகிட்டயும் சொல்லலண்ணே. நீங்களாச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மறு வருடம் பட்டறையை மூடிவிட்டு உத்தமபாளையத்துக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை.

விபத்து நடந்த அன்று நீ ஆஸ்பத்திரிக்குப் பள்ளிக்கூட உடையோடு வந்தாய். அம்மாவால் நெஞ்சுக்குக் கீழே அசைக்க முடியாது, கைக்கும் பெலன் கொஞ்சம்தான் வரும் என்று டாக்டர் சொன்னதும் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாய். அப்போது நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "அழாத ஆத்தா. விசுவாசம் இல்லாதவுகதான் அழுவாக. இது கர்த்தருடைய சித்தம்" என்றேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணீரை அந்த ஒரு வரியில் அடைத்துவிட்டேன். அதற்கப்புறம் நீ என் முன்னால் அழுததே இல்லை. அம்மா செத்த அன்றைக்குக்கூட நீ ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கல் மாதிரி நின்றதைப் பார்த்து, "அப்பனைப் போல உறுதி" என்று சபையில் சொன்னார்கள். அம்மாவுக்கு நடந்தது கர்த்தருடைய சித்தம் இல்லை மகளே. என் தவறு. என் தவறை மூடிக்கொள்ள அவருடைய சித்தத்தைப் போர்வையாக எடுத்துக்கொண்டேன். நீ அழுதிருக்க வேண்டும். இப்போதும் அழலாம்.

அதற்குப் பிந்திய வருடங்கள் உனக்கே தெரியும். நான் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பயந்துவிட்டார், பாவம் என்றார்கள். அவ்வப்போது ஓடிவந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தெருமுனை மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தரம் நீ, மில்லிலிருந்து வந்து ஒரு தரம் நான் என்று முறை வைத்துக்கொண்டோம். படுக்கைப் புண் வந்த வருடம் அந்த வாசனைக்கு நடுவில் உட்கார்ந்துதான் நீ பாடம் படித்தாய். ஒவ்வொரு காலையும் அவளைத் தூக்கி நாற்காலியில் வைக்கும்போது "ஆண்டவரே, பெலன் தாரும்" என்று சொல்லித்தான் தூக்குவேன். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் அவளைக் கீழே போட்டதில்லை. அது மட்டும் அவர் தந்தது. அதை மறுக்க என்னால் முடியாது.

ஆனால் எஸ்தர் பாடிக்கொண்டே படுத்திருந்த பரிசுத்தவாட்டி என்று சபையில் பேசிக்கொள்கிறார்களே, அதை நீ நம்பாதே. ஒரு ஈஸ்டர் ஞாயிறு அவளை நாற்காலியோடு கோயிலுக்குக் கொண்டுபோனோம். பிரசங்கத்தில் நம் சபைப் போதகர் ஐயர், "சகோதரி எஸ்தரைப் பாருங்கள், அந்த முகத்தில் எவ்வளவு சந்தோஷம்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "என்னங்க" என்றாள். "ஐயர்கிட்டச் சொல்லிருங்க, என்னைய இனிமே உவமையாக்க வேணாம். நான் சந்தோஷமா இல்ல. இன்னைக்குக் காலையிலகூட என்னைய எடுத்துக்கிருங்கன்னுதான் கேட்டேன்."

நான் பதறிப்போய், "அப்படியெல்லாம் பேசக் கூடாது எஸ்தர்" என்றேன்.

"நான் வேற யாருகிட்டங்க கேட்டேன்? அவருகிட்டத்தான கேட்டேன். அவரு தரல. தரலன்னா இன்னைக்கு ஒரு நாளைக்கு இருக்குறதுக்கு என்ன வேணுமோ அதத் தாங்கன்னு கேட்டேன். அம்புட்டுத்தான். இதுக்குப் பேரு சந்தோஷம் இல்ல."

மனரம்மியம் என்ற சொல்லை நாம் கோயிலில் மட்டும்தான் கேட்டிருக்கிறோம். அதை நான் ஒரு குளிர்ந்த சொல்லாக, பசி அடங்கினவன் திண்டில் சாய்ந்திருப்பது போன்ற ஒன்றாக நினைத்திருந்தேன். சாக வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுவிட்டு, அவர் இல்லை என்றதும் அவரிடமே அடுத்ததைக் கேட்ட உன் அம்மாவைப் பார்த்த பிறகு, அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்று புரிந்தது. அவளுக்குப் புரிந்திருந்தது. எனக்கு இன்னும் வரவில்லை.

அவள் படுத்து நான்காவது வருடம், நீ பிளஸ் டூ. ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. அவள் தானாகவே சொன்னாள். "இப்ப எனக்கு யாரு மேலயும் வருத்தம் இல்லைங்க. மழை பெஞ்சது, வண்டி வழுக்குச்சு. யார என்ன சொல்ல முடியும்? மதினிதான் பாவம்." கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். சொல்லிவிட்டேன். மீரான் சொன்னது, நான் அவனுக்குச் சொன்னது, எல்லாம். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளால் திருப்ப முடிந்தது முகத்தை மட்டும்தானே.

அன்றிலிருந்து என் கையால் சாப்பிடவில்லை. நீ ஊட்டினால் மட்டும் சாப்பிட்டாள். "என்னப்பா சண்டை?" என்று நீ கேட்டாய். பரீட்சைக்குப் படி என்று உன்னை அதட்டினேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "சின்னச்சாமி அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். பேச்சி மதினியின் வீட்டுக்காரரைக் கேட்கிறாள். இல்லை என்றேன். "நான் உசுரோட கெடக்கேன். எனக்குப் பட்ட கடன நீங்க தூக்கிப் போட்டு, கழுவி, தீத்துக்கிட்டு இருக்கீக. அவுகளுக்கு யாரு தீக்குறது? அங்கன போய்ச் சொல்லிட்டு வாங்க. வந்து எனக்குச் சோறு ஊட்டுங்க" என்றாள்.

போனேன். பின்தெருவுக்கு எத்தனை தூரம்? சின்னச்சாமி அண்ணன் வாசலில் திராட்சைப் பந்தலுக்குக் கட்டும் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "வா தம்பி, எஸ்தரு எப்படி இருக்கு?" என்றார். அப்படியே இருக்கிறாள் என்றேன். தோட்டத்துத் திராட்சையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் முகத்தையே பார்த்தாள். "சொன்னீகளா?" என்றாள். சொன்னேன் என்றேன். "என்ன சொன்னாக?" என்றாள். "மன்னிச்சுட்டாரு" என்றேன். பையைக் காட்டி, "இதக் குடுத்துவிட்டாரு" என்றேன்.

மகளே, அதைச் சொன்ன வாய்தான் இத்தனை வருடம் உன் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்தது. அவள் ஓவென்று அழுதாள். அண்ணன் மனசு யாருக்கு வரும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தத் திராட்சையை என் கையால் வாங்கிச் சாப்பிட்டாள். என்னையும் மன்னித்துவிட்டேன் என்றாள். அன்றைக்கப்புறம் அவள் முகத்தில் வந்த அமைதி உனக்கு நினைவிருக்கும். அம்மா இப்பதான் நல்லாச் சிரிக்கிறாங்க என்று நீயே சொன்னாய். பிரசங்கத்தில் சொன்ன சிரிப்பு இல்லை அது. நிஜமான சிரிப்பு. ஐந்து வருடம் ஒவ்வொரு காலையும் சின்னச்சாமி அண்ணன் பெயரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். அது என் காதில் விழும். விழுந்தபடிதான் அவளைத் தூக்குவேன். அந்த நம்பிக்கையோடுதான் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய நிம்மதிக்கு அடியில் என் பொய் கிடந்தது. அப்படியானால் அந்த நிம்மதியில் ஆண்டவர் இருந்தாரா, இல்லையா? அவரிடமே கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. போன வியாழக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு சின்னச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். மனுசன் எழுந்து மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "பேச்சி இருந்திருந்தா மொத ஆளா வந்து நிப்பாளேப்பா. இந்தப் புள்ளைய மடியில போட்டு வளத்தவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். பிரேக், மீரான், நான்கு நாள், போலீஸில் சொன்னது, எஸ்தரிடம் சொன்ன பொய் வரைக்கும்.

அவரும் என் எதிரில் உட்கார்ந்தார். கோபப்படுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் மெதுவாகக் கேட்டார். "அப்ப ஒருநாள் நான் பாக்க வந்தப்ப எஸ்தரு என் கையப் புடிச்சுக்கிட்டு, அண்ணே நீங்க பெரிய மனசுக்காரகன்னு அழுதுச்சே. எதுக்கு அழுகுதுன்னு வெளங்காம நானும் சேந்து அழுதேன். இதுக்குத்தானா?"

ஆமாம் என்றேன்.

"நான் மன்னிக்கலயேப்பா. நீ கேக்கவே இல்லையே. கேக்காமலே நீயா எடுத்துக்கிட்ட."

"இப்பக் கேக்குறேண்ணே."

"இத்தன வருசம் விதின்னு நெனச்சுத் தூங்கிட்டேன் தம்பி. இனிமே நான் என்னத்த நெனச்சுத் தூங்குறது? உங்க சாமிகிட்டக் கேட்டுச் சொல்லு." எழுந்து உள்ளே போனவர் நிலைப்படியில் நின்று திரும்பினார். "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா? தெரியாமலா கையப் புடிச்சுக் குடுக்கப் போற?" என்றார். பத்திரிகையை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று மட்டும் சொன்னார். நேற்று டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று எத்தனை சாட்சிகளில் கேட்டிருப்போம். எனக்கு லேசாகவில்லை. என் பாரத்தில் பாதியை எடுத்து ஒரு கிழவனின் தலையில் வைத்தது போல இருக்கிறது. இப்போது மீதியை உன் தலையில் வைக்கிறேன், அதுவும் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது. இதைச் செய்யாமல் விட எனக்கு ஆயிரம் காரணம் கிடைத்தது. எல்லாக் காரணமும் நல்ல காரணம். அதனால்தான் அவற்றை நம்பவில்லை. உன் மாமனாரிடம் சாட்சி சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். என் மகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைப் புத்திமதியாக எடுத்துக்கொள்ளாதே, தோற்றுப்போனவன் சொல்வதாக எடுத்துக்கொள். ஒன்பது வருடம் காலையில் நான் கேட்டது, தூக்குவதற்குப் பெலன். கொடுத்தார். பொறுப்பதற்குக் கேட்டேன், அதையும் ஓரளவு கொடுத்தார். உண்மையைச் சொல்வதற்கு வேண்டிய பெலனை மட்டும் நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் தர மாட்டார் என்று சந்தேகப்பட்டு இல்லை. கேட்டால் தந்துவிடுவார் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. உன் கல்யாண வாழ்க்கையில் நீ அவரிடம் எதையெல்லாம் கேட்கிறாய் என்று பார்ப்பதைவிட, எதைக் கேட்காமல் தள்ளி வைத்திருக்கிறாய் என்று அவ்வப்போது பார். உன் வீட்டுக்காரரிடமும் அப்படியே. நல்லா இருக்கேன் என்று பழக்கத்தில் சொல்லாதே. அம்மா கடைசிவரை உண்மையாக இருந்தாள். இந்த வீட்டில் நீ பின்பற்ற ஒரு ஆள் இருந்தாள் என்றால் அவள்தான். அவளிடம் பொய் சொன்னவனைப் பார்த்து அவளுடைய ஆண்டவரை அளந்துவிடாதே. அதை மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதில் எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். மறந்து விடவில்லை. நானாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சின்னச்சாமி அண்ணனிடம் கற்றுக்கொண்டேன். கேட்கும் உரிமை எனக்கு வந்துவிட்டது என்று உனக்கு என்றைக்காவது தோன்றினால் சொல், அப்போது வந்து கேட்கிறேன்.

கோயில் வாசலிலிருந்து உன்னைக் கைபிடித்துக் கூட்டிப் போக நான் வரலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் உன் பெரியப்பாவைக் கூப்பிட்டுக்கொள், நான் அவரிடம் ஒரு காரணமும் சொல்ல மாட்டேன். கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காருவேன். வரவே வேண்டாம் என்றால் கூடலூரிலேயே இருப்பேன். கல்யாணத்தன்று காலையிலும் எழுந்திருப்பேன். தூக்கி உட்கார வைக்க வீட்டில் ஆள் இல்லை. வெறும் கையோடு நின்று, நீ எதைச் சொல்லியிருக்கிறாயோ அது எனக்குப் போதும் என்று சொல்ல ஒரு நாளைக்கு வேண்டிய பெலனைக் கேட்பேன். தருவாரா என்று தெரியவில்லை. இந்தத் தரம் கேட்பேன்.

உன்
அப்பா